வாசகர் கேள்வி – பதில்: ஜான் கென்னடி, ஆட்டக்காரரிலிருந்து ஆணையத் தலைவர் வரை

சென்ற இதழில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியிடம் இடைவேளையில் ஒரு பயிற்சியாளர் என்ன பேசுவது என்று கேட்டிருந்த வாசகருக்கு விடை எழுதுகையில், 1975-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதியாட்டத்தில் ஹாதார்ன் அணியின் பயிற்சியாளர் ஜான் கென்னடி பேசிய பேச்சைச் சில வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு அவரைப் பற்றி மேலும் கேட்டு வந்த கடிதங்கள் நிறைய. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜான் கென்னடி யார்? அந்த விளையாட்டைப் பார்த்தே அறியாத என் போன்றவர்களுக்கும் விளங்கும்படி எழுத வேண்டுகிறேன். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்பேர்ன் நகரில் 1858 வாக்கில் உருவெடுத்த விளையாட்டு அது. முட்டை வடிவ மைதானத்தில், முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 18 பேர் ஆடுவார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. உதைத்து வந்த பந்தை ஒருவர் தரை தொடாமல் கைப்பற்றிவிட்டால் அவர் நின்று நிதானித்து உதைக்கலாம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் அது கோல், 6 புள்ளி; பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. கால்பகுதிகள் நான்கு. விக்டோரியக் கால்பந்து லீக் என்று மெல்பேர்னைச் சுற்றியே நடந்த போட்டி, மற்ற மாநிலங்களுக்கும் பரவிய பின் 1990-இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறியது.

அந்த லீகில் 1925-இல் சேர்ந்த ஹாதார்ன் சங்கம், கால் நூற்றாண்டுக் காலம் எவரும் பொருட்படுத்தாத அணியாகவே இருந்தது. அதன் செல்லப் பெயர்கூட ஆரம்பத்தில் ஒரு பூவின் பெயர்தான். 1940-களில்தான் ‘பருந்துகள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். 1928 டிசம்பரில் பிறந்த ஜான் கென்னடி அந்த அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது 1950-இல். அந்த ஆண்டு சங்கத்துக்குள் அணித்தலைவர் பதவி குறித்துப் பெரிய பூசல். அலெக் ஆல்பிஸ்டனை விலக்கி கெவின் கரனை அணித்தலைவராக்கியதால் ஆல்பிஸ்டனும், அவருக்குத் துணைநின்ற சிறந்த ஆட்டக்காரர் காலின் ஆஸ்டினும் சங்கத்தை விட்டே போனார்கள். விளைவு, அந்தப் பருவத்தின் 18 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஹாதார்ன் வெல்லவில்லை. ஒரே ஒரு வெற்றியின் சுவைகூட அறியாமல் முதல் ஆண்டை முடித்த அந்த இளைஞர்தான், அதே ஆண்டு சங்கத்தின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றவர். 1951, 1952, 1954 ஆகிய ஆண்டுகளிலும் அவ்விருது அவருக்கே வந்தது.

உயரமும் உடல்வலுவும் கொண்டு, நடுவர் பந்தை மேலே எழும்பவிடும்போது தாவித் தட்டிவிடும் ‘ரக்மேன்’ இடத்தில் ஆடினார். நளினமான ஆட்டக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. இடித்துத் தள்ளி வழி செய்யும் ஆட்டம் அவருடையது. 1955 முதல் 1959 வரை அணித்தலைவராக இருந்தார். 1957-இல், ஜாக் ஹேல் பயிற்சியில், ஹாதார்ன் வரலாற்றில் முதல் தடவையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்று, கார்ல்டனை வென்று, அடுத்த ஆட்டத்தில் மெல்பேர்ன் என்ற பெயருடைய அணியிடம் தோற்றது. 160-க்கும் மேற்பட்ட ஆட்டங்களோடு 1959-இல் ஓய்வு பெற்றவரை அடுத்த ஆண்டே பயிற்சியாளராக்கினார்கள். 1961, 1971, 1976 என மூன்று கோப்பைகள், பின்னர் நார்த் மெல்பேர்ன் அணியில் ஐந்தாண்டுப் பயிற்சி, 1993 முதல் 1997 வரை லீகை நடத்தும் ஆணையத்தின் தலைவர் பதவி, 2020 ஜூன் 25-இல் 91 வயதில் மறைவு. மேற்கொண்டு விவரங்களை அடுத்தடுத்த கேள்விகளில் பார்ப்போம்.

கேள்வி: அவர் பள்ளி ஆசிரியர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் உடற்கல்வி ஆசிரியர். ஆசிரியத் தொழிலும் பயிற்சியாளர் பணியும் அவரிடம் எப்படி இணைந்தன? (வாசகர், சேலம்)

பதில்: இன்றைய நிலையில் வைத்து அன்றைய பயிற்சியாளரைப் பார்த்தால் புரியாது. அந்நாளில் வீரர்களும் சரி, பயிற்சியாளர்களும் சரி, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில்தான் மைதானத்துக்கு வருவார்கள். கென்னடி பகலில் வகுப்பறையில் நின்றார். மாலையில் கிளென்ஃபெரி மைதானத்தில் நின்றார். ரயில் பாதையை ஒட்டிய குறுகலான மைதானம் அது. பந்து ஓடிப் பரவ இடமில்லாமல் ஆட்கள் ஓரிடத்தில் நெருக்கியடிக்கும் அத்தகைய இடத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு உடல் உரமே முதல் மூலதனம். அந்த உரத்தை ஏற்றுவதிலிருந்து அவர் தொடங்கினார்.

1960-இல் பொறுப்பேற்றதும், அந்த லீகில் அதுவரை எந்த அணியும் செய்திராத அளவுக்குக் கடும் உடற்பயிற்சியை வீரர்கள்மீது சுமத்தினார். அணியிலேயே இருந்த பிரெண்டன் எட்வர்ட்ஸ் உடற்கல்வி கற்றவர். ஒரு பயிற்சி முடிந்த உடனே அடுத்தது என்று ஓயாமல் சுற்றிவரும் முறை ஹாதார்னில் வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு. ‘கென்னடியின் கமாண்டோக்கள்’ என்று மற்ற அணியினர் அழைக்கத் தொடங்கியது அப்போதுதான். 1961 இறுதியாட்டத்தில் முதல் பாதியில் ஃபுட்ஸ்கிரே முன்னணியில் இருந்தது. இரண்டாம் பாதியில் ஃபுட்ஸ்கிரே வீரர்களின் கால்கள் ஓய்ந்தபோது ஹாதார்னின் கால்கள் ஓயவில்லை. 94-க்கு 51 என்ற கணக்கில் சங்கத்தின் முதல் கோப்பை வந்தது. எட்வர்ட்ஸ் அன்று அபாரமாக ஆடினார். சேர்ந்து 36 ஆண்டுகள் கழித்து வந்த கோப்பை. ஒரு வெற்றிகூட இல்லாத 1950-இலிருந்து கணக்கிட்டால், 11 ஆண்டுகள்.

தாங்கள் ஆசிரியர் என்பதால் அடுத்த செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1963-இல் மறுபடி இறுதியாட்டத்துக்கு அணியைக் கொண்டுசென்று ஜீலாங்கிடம் தோற்ற பின், கென்னடி மெல்பேர்னை விட்டுப் போய்விட்டார். காரணம் தோல்வியன்று, பள்ளிப் பணி. நகரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஸ்டாவெல் என்ற சிற்றூரில் அவருக்குப் பணி அமைந்தது. ஈஸ்டர் காலத்தில் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஒரு கோப்பையை வென்று, மூன்றாண்டுகளில் இரண்டு இறுதியாட்டம் கண்ட பயிற்சியாளர், பள்ளிக்கூடம் அழைத்தது என்று எழுந்து போனதை இன்று எந்த நாட்டிலாவது காண முடியுமா? அவருக்கு எது தொழில், எது தொண்டு என்பதில் குழப்பமே இருக்கவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவர் இல்லாத 1965-இல் ஹாதார்ன் அட்டவணையின் அடியில், கடைசி இடத்தில் கிடந்தது. 1967-இல் திரும்பி வந்தார். பத்து ஆண்டுகள் இருந்தார்.

வகுப்பறையை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் என்பதற்கு அவர் தோற்றமே சாட்சி. மற்றவர்கள் விளையாட்டு உடையில் நிற்க, அவர் மட்டும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய மேலங்கியோடு எல்லைக்கோட்டருகே நிற்பார். குரல் கணீரென்று ஒலிக்கும். அவர் தொடுக்கும் சொற்றொடர்கள் இலக்கணம் பிசகாதவை. கெட்ட வார்த்தைகள் சரளமாகப் புழங்கிய அந்த உலகில் அவர் குரல் உயரும், மொழி தாழாது. இன்றைக்கும் பழைய படச்சுருள்களில் அந்த மேலங்கியைப் பார்த்தவுடன் ஹாதார்ன் ரசிகர்கள் அவரை இனங்கண்டுகொள்வார்கள்.

கேள்வி: 1971 இறுதியாட்டத்தில் ஒரு பெரிய சாதனை நூலிழையில் தவறியது என்கிறார்களே, அது என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒரே பருவத்தில் 150 கோல் என்பது 1934-இல் பாப் பிராட் நிறுவிய சாதனை. ஹாதார்னின் முன்கள வீரர் பீட்டர் ஹட்சன் 1971 இறுதியாட்டத்துக்கு வரும்போது 147 கோல் அடித்திருந்தார். செயின்ட் கில்டாவுடனான அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பலமாக மோதப்பட்டு, தலை கலங்கி, காது கிழிந்த நிலையிலும் தொடர்ந்து ஆடி மூன்று கோல் அடித்து 150-ஐத் தொட்டார். கடைசிப் பகுதியில் மேலும் வாய்ப்புகள் கிடைத்தும், எதிரே நின்றவர்மீதே உதைத்துவிடும் அளவுக்கு நிதானம் தப்பியிருந்தது; 151 வரவில்லை. ஆனால் மூன்றாம் பகுதி முடிவில் 20 புள்ளி பின்தங்கியிருந்த அணியை பாப் கெடி என்பவர் கடைசிப் பகுதியில் நான்கு கோல் அடித்துக் கரையேற்ற, ஹாதார்ன் 82-க்கு 75 என்று வென்றது. அன்று தோற்ற செயின்ட் கில்டாவின் பயிற்சியாளர் ஆலன் ஜீன்ஸ், பிற்பாடு ஹாதார்னுக்கே வந்து மூன்று கோப்பைகள் வென்றுகொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: “எண்ணாதே, செய்” என்று அவர் கத்திய பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டேன். உடல் சிலிர்த்தது. அந்த ஆட்டத்தில் ஹாதார்ன் எத்தனை புள்ளியில் வென்றது? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: வெல்லவில்லை, தம்பி. அந்த 1975 இறுதியாட்டத்தில் 55 புள்ளிகளில் தோற்றது. நார்த் மெல்பேர்ன் 122, ஹாதார்ன் 67. ரான் பராசி பயிற்சியில் நார்த் மெல்பேர்ன் தன் முதல் கோப்பையைத் தூக்கிய நாள் அது.

அந்தப் பேச்சைப் பலரும் வெற்றி மந்திரமாக நினைத்துக்கொண்டு எடுத்தாள்கிறார்கள். அதை முழுதாகக் கேட்டுப் பார்த்தால் அவர் வெற்றியைப் பற்றியே பேசவில்லை என்பது விளங்கும். ஏதாவது செய்யுங்கள் என்கிறார். யோசித்துக்கொண்டிருக்காதே, நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதே, செய் என்கிறார். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது ‘நான் இதைச் செய்தேன், தோழனைத் துரத்தி வந்தவனை மறித்தேன், நிற்காமல் பந்தை முன்னெடுத்தேன், குறைந்தது ஏதோ ஒன்றையாவது செய்தேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிய வேண்டும் என்கிறார். கவனியுங்கள், கோல் அடித்தேன் என்று சொல்லச் சொல்லவில்லை. மறித்தேன் என்று சொல்லச் சொல்கிறார். பந்து வைத்திருக்கும் தோழனுக்காகத் தன் உடலை எதிராளியின் குறுக்கே கொடுத்து வழிவிடச் செய்யும் காரியம் அது. ஆட்டப் புள்ளிவிவரத்தில் அது பதிவாகாது, மறுநாள் செய்தித்தாளில் பெயரும் வராது, அருகில் ஓடிய தோழனுக்கு மட்டும்தான் தெரியும்.

இறுதியாட்டத்தில் மிரண்டுபோய், தவறு நேர்ந்துவிடுமோ என்று தயங்கி நிற்கும் இளைஞர்களுக்கு ஓர் ஆசிரியர் சொல்லக்கூடிய மிகப் பொருத்தமான சொல் அது என்பது என் எண்ணம். மனம் முடங்கிப்போனவனிடம் ‘வெல்’ என்றால் அவன் மேலும் முடங்குவான். அவன் கைக்கெட்டும் ஒரு சிறு காரியத்தைக் காட்டி ‘இதைச் செய்’ என்றால் அசைவான். அன்று அது பலிக்காமல் போனதால் அந்தச் சொல்லின் மதிப்புக் குறையவில்லை. அடுத்த ஆண்டு அதே இரு அணிகள் அதே மைதானத்தில் மறுபடி மோதின. ஹாதார்ன் 100, நார்த் மெல்பேர்ன் 70.

கேள்வி: பீட்டர் கிரிம்மின்ஸ் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த அணித்தலைவரை இறுதியாட்டத்தில் சேர்க்காமல் விட்டது நியாயமா? மனம் ஆறவில்லை. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாங்கள் மட்டுமல்ல, அம்மா, அந்த ஊரில் இன்றும் அதற்கு மனம் ஆறாதவர்கள் உண்டு. ஆகவே நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

கிரிம்மின்ஸ் 1966-இல் ஹாதார்னுக்கு ஆட வந்தவர். உயரம் குறைந்தவர், ரக்மேன் தட்டிவிடும் பந்தைக் காலடியில் பொறுக்கிக்கொண்டு பறக்கும் ‘ரோவர்’ இடத்தில் ஆடியவர். 1971 கோப்பை அணியில் இருந்தார், 1974-இல் அணித்தலைவரானார். அதே ஆண்டில் அவருக்கு விரைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சையும் கடுமையான மருந்துகளும் தாங்கி, 1975-இல் மறுபடி களத்துக்கு வந்தார். இறுதியாட்டம் நெருங்கியபோது தான் ஆடத் தயார் என்றார். கென்னடி உள்ளிட்ட தேர்வுக் குழு, அவ்வளவு முரட்டுத்தனமான ஆட்டத்துக்கு அவர் உடல் ஈடுகொடுக்குமா என்று ஐயுற்று, அவரைச் சேர்க்கவில்லை. ஹாதார்ன் தோற்றது. அதன் பின் நோய் மீண்டும் பரவியது. அவர் களமிறங்கக் கிடைத்த கடைசி இறுதியாட்ட வாய்ப்பு அதுவாகவே போயிற்று.

நியாயமா என்று கேட்டீர்கள். அணியின் நலன் ஒன்றையே தராசில் வைத்தால் குழுவின் அச்சத்தில் காரணம் இருந்தது. வாட்டசாட்டமானவர்கள் முழு வேகத்தில் வந்து மோதும் ஆட்டம் அது. சிகிச்சையிலிருந்து எழுந்து வந்த உடலை அங்கே இறக்கி, அவருக்கே ஏதேனும் நேர்ந்திருந்தால் அந்தப் பழியும் கென்னடியின் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் அந்த மனிதர் அங்கே வந்து நிற்பதற்கு எதையெல்லாம் கடந்து வந்தார் என்பதைப் பார்க்கும்போது, என் உள்ளம் அவர் பக்கமே சாய்கிறது. அவர் களத்தில் இருந்திருந்தால், இடைவேளையில் ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று குரலுயர்த்த வேண்டிய தேவையே எழாமல் இருந்திருக்கலாம். பயிற்சியாளரின் பதவியில் இருப்பவருக்கு இப்படிப்பட்ட தேர்வு ஒன்று வந்தே தீரும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒருவர் மனம் உடையும். கென்னடி அந்த முடிவைப் பிறர்மீது தள்ளிவிட்டு ஒதுங்கியவர் அல்லர்.

1976 இறுதியாட்டத்தன்று கிரிம்மின்ஸ் மைதானத்துக்கு வரும் நிலையில் இல்லை. வீட்டிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். போராட்டம் நீண்டதாகவும் கடினமாகவும் இருக்கும், ஆனாலும் முடிவில் நிற்பது நீங்களாகத்தான் இருக்கும் என்ற பொருள்பட எழுதியிருந்தார். ஆட்டத்துக்கு முன் கென்னடி அதை வீரர்களுக்குப் படித்துக் காட்டினார். ‘அந்தச் சின்னவனுக்காக’ என்பதே அன்று அணியின் ஒற்றை எண்ணம். டான் ஸ்காட் தலைமையில் வென்ற பின், அன்றிரவே வீரர்கள் சிலர் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். மெலிந்து, முகம் வெளிறி, தோழர்கள் சூழக் கோப்பையோடு அவர் சிரிக்கும் படம் ஒன்று இருக்கிறது. ஹாதார்ன் ரசிகர்களில் அதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மூன்று நாள் கழித்து, 28-ஆம் வயதில், கிரிம்மின்ஸ் காலமானார். கென்னடி இளமையில் நான்கு முறை வாங்கிய அதே சங்க விருது இன்று பீட்டர் கிரிம்மின்ஸ் பதக்கம் என்ற பெயரில் வழங்கப்படுகிறது.

அந்த ஆண்டோடு கென்னடி ஹாதார்ன் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார்.

கேள்வி: பிறகு ஏன் எதிரணியான நார்த் மெல்பேர்னுக்குப் போனார்? (வாசகர், மெல்பேர்ன்)

பதில்: தாங்கள் அந்த ஊரிலேயே வாழ்வதால் சங்கப் பற்றின் ஆழம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எட்டாண்டு இடைவெளிக்குப் பின் 1985-இல்தான் அவர் அங்கே போனார். இடையில் ஹாதார்ன் வேறு பயிற்சியாளர்களோடு நன்றாகவே வளர்ந்துவிட்டது. நார்த் மெல்பேர்னில் 1989 வரை ஐந்து பருவங்கள் இருந்து, 1985-இலும் 1987-இலும் இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுசென்றார்; கோப்பை கிட்டவில்லை. 1987-இல் மெல்பேர்னிடம் 118 புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியேறிய ஆட்டம் அவருக்குக் கசப்பானதாகவே இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் மகன் ஜான் கென்னடி, தந்தையின் பழைய ஹாதார்னுக்காக ஆடிக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் செய்தி. இரு அணிகளும் சந்திக்கும் நாளில் தந்தை ஒரு பக்கம், மகன் மறுபக்கம். மகன் 1983, 1986, 1988, 1989 என நான்கு கோப்பைகள் வென்றார். தந்தை பயிற்சியாளராக வென்றதைவிட ஒன்று அதிகம்.

கேள்வி: எங்கள் மாவட்ட விளையாட்டுச் சங்கத்தில் பல்லாண்டு பொறுப்பில் இருந்தவன் நான். நல்ல ஆட்டக்காரர்களும் நல்ல பயிற்சியாளர்களும் நிர்வாகத்துக்கு வந்தால் பெரும்பாலும் சோபிப்பதில்லை. கென்னடி அங்கே என்ன செய்தார்? (வாசகர், சென்னை)

பதில்: முக்கியமான கேள்வி. அவரைப் பற்றி எழுதுபவர்கள் மேலங்கியோடும் இடைவேளைப் பேச்சோடும் நின்றுவிடுகிறார்கள். ஆணையத் தலைவராக அவர் இருந்த ஆண்டுகளை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் லீகை நடத்தியது சங்கங்களின் பிரதிநிதிகளே. ஒவ்வொருவரும் தம் சங்கத்தின் நலனுக்கே வாக்களிப்பார்கள். பொது நலன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தங்கள் அனுபவத்தில் இது புதிதாக இருக்காது. 1980-களின் நடுவில், சங்கங்களில் பல கடனில் மூழ்கியபோது, சுயேச்சையான ஆணையம் ஒன்று அமைந்தது. 1993-இல் டேவிட் கிராஃபர்ட் அளித்த அறிக்கையின் பேரில் அதன் அதிகாரம் மேலும் விரிந்தது. அதுவரை தலைவரும் தலைமை நிர்வாகியும் ராஸ் ஓக்லி என்ற ஒருவரே. இரு பொறுப்புகளும் பிரிக்கப்பட்டபோது, ஓக்லி நிர்வாகத்தைக் கவனிக்க, தலைவராக கென்னடி அமர்ந்தார். சங்கங்கள் தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும் வேளையில், எல்லாச் சங்கங்களும் கைகூப்பக்கூடிய ஒரு மனிதர் அந்த நாற்காலியில் தேவைப்பட்டார். நேர்மையில் ஒருவரும் ஐயுறாதவர், எவரிடமும் ஆதாயம் தேடாதவர் என்ற பெயரே அவருடைய தகுதி.

அவர் தலைமையில் ஃப்ரீமேன்டில் 1995-இலும் போர்ட் அடிலெய்ட் 1997-இலும் லீகில் சேர்ந்தன. ஆட்டக்களத்தில் இனத்தையும் நிறத்தையும் சொல்லி இழிவுபடுத்துவதைத் தடுக்கும் விதி 1995-இல் வந்தது. 1993 ஏப்ரலில், எதிரணி ரசிகர்களின் வசைக்கு விடையாக, செயின்ட் கில்டாவின் பழங்குடி வீரர் நிக்கி வின்மார் தன் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டி நின்றார். 1995-இல் எசண்டன் அணியின் மைக்கேல் லாங், களத்தில் தன்மீது வீசப்பட்ட சொல்லைப் பொறுத்துக்கொள்ள மறுத்து முறையிட்டார். அதுவரை ‘ஆட்டச் சூட்டில் வருவதுதானே’ என்று தள்ளிவிடப்பட்ட ஒன்றைக் குற்றமென்று எழுதி வைத்த முதல் பெரிய ஆஸ்திரேலிய விளையாட்டு அமைப்புகளில் இந்த லீகும் ஒன்று. அதற்கான முதற்பெருமை துணிந்து பேசிய அந்தப் பழங்குடி வீரர்களுக்கே உரியது. அதைக் காதுகொடுத்துக் கேட்ட ஆணையத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வேதனை தரும் பக்கமும் உண்டு. மெல்பேர்ன் ஒரு நகரில் இத்தனை சங்கங்கள் பிழைக்க முடியாது என்று கணக்குப் போட்ட ஆணையம், இணைய முன்வரும் சங்கங்களுக்குப் பெருந்தொகை தருவதாக அறிவித்தது. 1883-இல் தொடங்கி எட்டுக் கோப்பைகள் வென்ற ஃபிட்ஸ்ராய் சங்கம், கடனில் தத்தளித்து, கென்னடி முன்பு பயிற்சியளித்த நார்த் மெல்பேர்னோடு சேர விரும்பியது. அந்தக் கூட்டணி மிகப் பலம் பெற்றுவிடும் என்று மற்ற சங்கங்கள் அஞ்சின. கடைசியில் 1996-இல் ஃபிட்ஸ்ராயின் வீரர்களில் சிலரையும் சின்னத்தையும் பிரிஸ்பேன் பெற்றுக்கொண்டது. 1996 செப்டம்பர் 1-ஆம் தேதி, சொந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த் நகரில், ஃபிட்ஸ்ராய் தன் கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றது.

அதே மாதத்தில் கென்னடியின் சொந்த ஹாதார்னும் தூக்குமேடையில் நின்றது. மெல்பேர்ன் சங்கத்தோடு இணைத்து ‘மெல்பேர்ன் ஹாக்ஸ்’ (மெல்பேர்ன் பருந்துகள்) என்ற புது அணி ஆக்குவது திட்டம். இறுதிச் சுற்றுகளுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் இவ்விரு அணிகளே மோதியிருந்தன. ஜேசன் டன்ஸ்டல் பத்து கோல் அடித்து அந்தப் பருவத்தின் நூறாவது கோலை எட்டினார், ஹாதார்ன் ஒரே புள்ளியில் வென்றது. செப்டம்பர் 16-இல் உறுப்பினர் கூட்டம். 1976-இல் கென்னடியின் கோப்பையைத் தூக்கிய அதே டான் ஸ்காட் மேடையேறி, இணைப்பு அணிக்கென முன்மொழியப்பட்ட சட்டையை உயர்த்திப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த பருந்துச் சின்னத்தைப் பற்றி இழுத்தார். அது கையோடு உரிந்து வந்தது. இவ்வளவுதான் நமக்கு மிஞ்சப்போவது என்று அவர் காட்டியதைக் கண்ட கூட்டம் கொந்தளித்தது. மெல்பேர்ன் உறுப்பினர்கள் இணைப்புக்கு இசைந்தும், ஹாதார்ன் உறுப்பினர்கள் பெரும்பான்மையாக மறுத்துவிட்டதால் திட்டம் வீழ்ந்தது.

இணைப்பை ஊக்குவித்த ஆணையத்தின் தலைமையில் கென்னடி. எதிர்த்து நின்றவர்களின் முன்னணியில் அவர் வளர்த்த அணித்தலைவர். ஆணையத்தின் கணக்கு அன்றைய வரவு செலவைப் பார்த்தால் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சங்கத்தின் உயிர் வரவு செலவேட்டில் மட்டும் இல்லை என்பதை ஹாதார்ன் உறுப்பினர்கள் காட்டிவிட்டார்கள். அன்று முடிந்துவிடும் என்று கருதப்பட்ட சங்கம் 2008, 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை என்பதே அந்த ஆண்டுகளின் ஆறாத குறை. தலைவர் என்ற முறையில் அந்தக் குறையில் கென்னடிக்கும் பங்கு உண்டு. அவரை மதிப்பவர்கள் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தங்கள் பொதுக் கருத்துக்கு வருகிறேன். நிர்வாகத்தில் வீரர்கள் தடுமாறுவது, தாம் நேசித்த ஓர் அணியின் கண்ணால் மட்டுமே எல்லாவற்றையும் பார்ப்பதால்தான். கென்னடி தம் சொந்தச் சங்கமே கலங்கி நின்ற ஆண்டிலும் நாற்காலியைப் பயன்படுத்தி அதற்குச் சலுகை தேடவில்லை. பள்ளிக்கூடத்தில் சொந்தப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் அளவுகோலை வைத்த ஆசிரியர் அவர்.

கேள்வி: கென்னடியா, பராசியா, யார் பெரியவர்? (வாசகர், மதுரை)

பதில்: எண்ணிக்கையில் பராசிக்கு ஈடில்லை. ஆட்டக்காரராக மெல்பேர்னில் ஆறு, பயிற்சியாளராகக் கார்ல்டனில் இரண்டு, நார்த் மெல்பேர்னில் இரண்டு, மொத்தம் பத்துக் கோப்பைகள். லீகின் புகழ்மண்டபம் 1996-இல் தொடங்கியபோதே அவர் உச்ச வரிசையில் வைக்கப்பட்டார். கென்னடியும் அதே ஆண்டு மண்டபத்தில் சேர்க்கப்பட்டாலும், உச்ச வரிசை அவருக்குக் கிடைத்தது 2020 ஜூனில், மறைவுக்குச் சில வாரங்களே இருந்தபோது. ஆயினும் பராசி ஆடிய மெல்பேர்ன் அணி, அவர் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே வலிமை மிக்க அணியாகிவிட்டது. ஒரு வெற்றிகூட இல்லாத சங்கத்துக்குள் நுழைந்து, அதற்கு வெல்லும் பழக்கத்தை ஊட்டியவர் கென்னடி. அவரிடம் ஆடிய டேவிட் பார்க்கின் பயிற்சியாளராக நான்கு கோப்பைகளும், லீ மாத்யூஸ் நான்கு கோப்பைகளும் வென்றார்கள். அந்த எட்டையும் ஆசிரியரின் கணக்கில் சேர்க்க எனக்குத் தயக்கமில்லை. சேர்த்தால் என் விடை கென்னடி.

கேள்வி: சிட்னி அணிக்கு ஆடிய ஜாஷ் கென்னடி இவருக்கு உறவா? (பள்ளி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ஆம், மகன் வழிப் பேரன். ஹாதார்னில் தொடங்கி, 2009-ஆம் ஆண்டின் முடிவில் சிட்னிக்கு மாறி, பின்னர் அங்கே அணித்தலைவரானார். 2012 இறுதியாட்டத்தில் சிட்னி 91-க்கு 81 என்று வென்றபோது எதிரே நின்றது தாத்தாவின் ஹாதார்ன். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே, அம்மா: அதே காலத்தில் மேற்குக் கடற்கரை அணியில் கோல் மழை பொழிந்த இன்னொரு ஜாஷ் கென்னடி இருந்தார், அவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். இருவரும் 2022-இல்தான் ஓய்வு பெற்றார்கள் என்பதால், பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும்போது அணியின் பெயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்.